உருளைக்கிழங்கு ரோசாவும் முழங்கால் சபையும்

மனிதன் முழங்காலை மடக்க வேண்டியது ஆண்டவருக்கு முன்னால் மட்டுமே. வேறு எவனுக்கு முன்னால், வேறு எதற்காக மடக்கினாலும் அந்த நிமிடமே அவன் முதுகெலும்புள்ள பிராணிகளின் பட்டியலில் இருந்து நீக்கப்படுகிறான். இது அம்புறோஸ் உலகத்துக்கு வழங்கிய கோட்பாடு. உலகம் என்பது, நடைமுறையில், வடகடலில் உள்ள சின்னத் தீவொன்றின் ஒரேயொரு ஹோட்டலின் சமையலறையும் அதில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த இரண்டு போலந்துக்காரரும்தான். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால் கோட்பாட்டை மறுப்பார் இல்லை.

சான்றுகளும் வைத்திருந்தார். எண்பத்தொன்பதில், அகதி விசாரணையின்போது அதிகாரியின் பேனா உருண்டு மேசைக்குக் கீழே போனது. மொழிபெயர்ப்பாளர் பாய்ந்து குனிந்தார். அம்புறோஸ் குனியவில்லை. கதிரையில் இருந்தபடியே சப்பாத்து நுனியால் பேனாவைத் தள்ளி அதிகாரியின் காலடிக்கு அனுப்பினார். "அந்தப் பேனாவாலதான் என்ர அகதி மனுவை நிராகரிச்சவன்" என்பதை ஒரு பதக்கத்தைக் காட்டுவதுபோலச் சொல்வார். ஹோட்டலின் பெரிய அடுப்புக்குள் தேய்ப்பதற்குக்கூட அவர் மண்டியிட்டதில்லை. தும்புத்தடியில் தூரிகையைக் கட்டி, நின்ற நிலையிலேயே தேய்க்கிற ஆயுதம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஹம்பேர்க்கில் ஒரு எலும்பு வைத்தியர், வலது முழங்காலில் சவ்வு தேய்ந்துவிட்டது, மடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதன்பிறகு பூசையிலும் அம்புறோஸ் வாங்குப் பலகையின் விளிம்பில் பாதி இருந்து பாதி நின்று ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார். ஆக, நேர்மையாகப் பார்த்தால் ஆண்டவருக்கும் மடக்குவதில்லை. ஆனால் கோட்பாடுகளை யாரும் நேர்மையாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் அவை நீண்டகாலம் உயிரோடு இருக்கின்றன.

"கட்டிலுக்குக் கீழ உங்கட செருப்புப் போனா குனிஞ்சு எடுக்கிறது ஆர்?" என்று றோசம்மா கேட்பார். அவர் அம்புறோஸின் மனைவி. அதே ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். கோட்பாடு இதற்குப் பதில் சொல்லாது.

ஏப்ரல் முதல் வாரத்தில் படகு பதினான்கு பேரைக் கொண்டுவந்து இறக்கியது. பதினான்கு மழை அங்கிகள், பதினான்கு மண்வெட்டிகள், இருபத்தெட்டு முழங்கால்களிலும் கறுப்பு ரப்பர் மெத்தைகள். மெத்தைகளைப் படகிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், இறங்கிய பின் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது என்பதற்காக. தலைமை தாங்கியவர் அன்னா. ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. கிடைக்கோட்டில் வீசிய மழையைப் பார்த்து 'அருமையான வேலை நாள்' என்று சொல்லக்கூடிய இனம். ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டில் ஏறினார்கள், வரிசையாக விழுந்தார்கள், தவழத் தொடங்கினார்கள்.

அம்புறோஸ் சமையலறை யன்னலால் பார்த்தார். பதினான்காவது ஆளை அடையாளம் காண அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகம் மண்ணுக்குள் இருந்தது. அது நிமிர்ந்து மூக்கைத் துடைத்தபோதுதான் அது அஞ்சலா, அவருடைய சொந்த மகள், ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கி, தீவின் பறவைக் குடிலில் காவல் வேலை எடுத்திருப்பவள் என்பது தெரிந்தது.

அவள் தேநீருக்கு உள்ளே வந்தபோது அவர் வரவேற்றார்.

"கதிரையில இருந்து வேலை செய்யவெண்டுதான் உன்னைப் படிப்பிச்சனான்."

அஞ்சலா கையுறையைக் கழற்றி, விரலில் இருந்த முள்ளைப் பல்லால் கடித்து எடுத்தாள். பிறகு அவருக்கு விளக்கினாள். நான்காவது தடவையாக.

மேட்டில் வளர்ந்திருப்பது ஒரு ரோசா. இலை உருளைக்கிழங்கு இலைமாதிரிச் சுருங்கியிருப்பதால் ஜெர்மன்காரர் அதற்கு உருளைக்கிழங்கு ரோசா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (ஒரு ரோசாவைப் பார்த்து உருளைக்கிழங்கை நினைக்கிற இனத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டோமே என்று அம்புறோஸ் இந்த இடத்தில் வழக்கமாகப் பெருமூச்சு விடுவார்.) கிழக்காசியாவில் இருந்து மணலைப் பிடித்து வைக்கக் கொண்டுவந்தது. மணலைப் பிடித்தது, பிறகு விடவில்லை. மேட்டில் இருந்து இறங்கி, கீழே சிப்பி ஓடுகள் பரவிய வெறும் மணல் பள்ளத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் சின்ன ஆலாக்கள் முட்டையிடும். உள்ளங்கையில் அடங்குகிற கடற்குருவி. ஆபிரிக்காவில் இருந்து பறந்து ஏப்ரல் கடைசியில் வந்து சேரும். கூடு கட்டாது. வெறும் மணலில் ஒரு குழி, அதற்குள் முட்டை. சுற்றிவர வெளி தெரியவேண்டும். செடி இருந்தால் இறங்காது. நான்கு வருடத்துக்கு முன் நாற்பத்திரண்டு சோடி. போன வருடம் பதினொன்று.

"இந்த வருசமும் இறங்காட்டி பறவைக் குடிலை மூடிறாங்கள் அப்பா. பிறகு காவலுக்கு ஆள் தேவையில்லை. ரெண்டு வருசம் காத்திருந்து எடுத்த வேலை. குருவி இருந்தா நான் இருப்பன், இல்லாட்டி நானும் இல்லை."

அம்புறோஸ் இதைக் கவனமாகக் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பதினான்கு பேர் தவழ்ந்தால்தான் முட்டை போடுவேன் என்று அடம்பிடிக்கிற குருவி, குருவி இல்லை, அமைச்சர். அவருடைய தகப்பனார் கடலில் ஆலா விழுந்த இடம் பார்த்து வலை விட்டவர். அந்தக் காலத்தில் ஆலாதான் மனிதனுக்கு வேலை செய்தது. மேலும், நூறு வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிற செடிக்கு இன்னும் விசா கொடுக்காமல் பிடுங்கி அனுப்புகிறார்கள், இதற்கு ஒரு தமிழ்ப் பிள்ளை கூட நின்று உதவி செய்கிறது.

"செடியிட்ட ஆரும் விசா கேக்கேல்ல. குருவிக்குக் கொஞ்சம் இடம் கேக்கிறம்" என்று அஞ்சலா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரமே அம்புறோஸ் அவர்களுக்கு 'முழங்கால் சபை' என்று பெயர் வைத்தார். அடுத்த பத்து நாளும் சமையலறையில் அதுதான் பொழுதுபோக்கு. அகப்பையை மண்வெட்டியாகப் பிடித்துக்கொண்டு, லீக்ஸ் தண்டை வேராக இழுத்து, மழையைப் பார்த்து "அருமையான நாள்" என்று அன்னாவின் குரலில் சொல்லிக் காட்டுவார். எல்லாம் நின்ற நிலையிலேயே. மண்டியிடாமல் மண்டியிடுகிறவர்களை நடித்துக் காட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். போலந்துக்காரர்கள் மரியாதைக்காகச் சிரித்தார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு ரோசாத் தோட்டமும் இருக்கிறது. அது அம்புறோஸுடையது.

பதின்மூன்று வருடத்துக்கு முன் ஹோட்டல் ஒரு பழைய குளியல் தொட்டியை வெளியே எறிந்தது. அம்புறோஸ் அதைப் பாதியாக அறுத்து, சமையலறைக்குப் பின்னால் மேட்டின் உச்சியில் நிமிர்த்தி நட்டு, உள்ளே நீலம் அடித்து, ஜெர்மனியில் தமிழர் கூடுகிற கெவலார் திருவிழாவுக்குப் போனபோது வாங்கிவந்த மாதா சொரூபத்தை அதற்குள் எழுந்தருளப் பண்ணினார். முழுத் தீவும் புரட்டஸ்தாந்து. மாதாவுக்குத் தனிமையாக இருக்கக்கூடாது என்று, படகுத்துறை வாகனத் தரிப்பிடத்து வேலியில் நின்ற அதே உருளைக்கிழங்கு ரோசாவில் நான்கு கம்பு முறித்து, யோகட் வாளியில் கொண்டுவந்து சுற்றிவர ஊன்றினார். நம்மவர் ஒரு நல்ல செடியைக் கண்டால் முதலில் வருகிற எண்ணம் அதன் அழகு அல்ல, எந்தக் கணுவில் முறிக்கலாம் என்பது.

அதோடு விட்டிருந்தால் செடி மணலோடு போராடி மெலிந்து கிடந்திருக்கும். ஆனால் அம்புறோஸ் மன்னார்க்காரர். மீன் கழுவின தண்ணீரைக் கழிவுக் குழாய்க்குள் ஊற்றுவது அவர் அகராதியில் பாவம். அது ரோசாவுக்குப் போக வேண்டியது. ஹோட்டலில் நாளாந்தம் இரண்டு பெட்டி மீன் வெட்டினார்கள். காலை பத்தரைக்கு, மழையானாலும் புயலானாலும், இரத்தமும் செதிலும் குடலும் மிதக்கிற வாளி ஒன்று மேட்டில் ஏறி மாதாவின் காலடியில் கவிழும். பதின்மூன்று வருடம். செடி மனித உயரத்துக்கு எழும்பி, யூனில் பூத்து, சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துப்போகிற அளவுக்குப் புகழ் பெற்றிருந்தது.

பதினோராம் நாள் அன்னா சமையலறை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பை மணல். பின்னால் அஞ்சலா. அன்னா மிகவும் பணிவாகக் கேட்டார்: மேட்டு மணல் சத்தில்லாமல் இருக்கவேண்டியது, இதுவோ நல்ல தோட்டத்து மண்மாதிரி இருக்கிறது, செடியும் இந்தக் கரையில் எங்கும் காணாத வீரியத்தோடு வளர்ந்திருக்கிறது, யாராவது இந்த மணலுக்குச் சாப்பாடு போடுகிறார்களோ?

அம்புறோஸுக்கு இந்த நாட்டில் கிடைத்த பாராட்டுகள் மிகக் குறைவு. ஒன்று வந்தால் உடனே கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார்.

"நான்தான்" என்றார்.

அஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் ஏப்ரனைக் கழற்றி, அன்னாவை மேட்டுக்கு அழைத்துப்போய், குளியல் தொட்டியின் முன்னால் நின்று, நல்ல தெளிவான ஜெர்மனில், ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். நான்கு கம்பு. வாளியின் அளவு. எந்த மீன் தண்ணீருக்கு எப்படிப் பூக்கும் என்ற ஒப்பீடு. பள்ளத்துப் பக்கம் சரிவாக இருப்பதால் ஊற்றியது தானாகவே கீழே போய்விடும், அங்கே இருக்கிற செடிகளுக்குத் தனியாக ஊற்றத் தேவையில்லை என்ற நுட்பம். பத்தரைக்கு அவர் வருவது தெரிந்து, வேலிமேல் வரிசையாகக் காத்திருக்கிற கடற்காகங்களையும் அறிமுகப்படுத்தினார். முப்பதுக்குக் குறையாது. குடலைத் தின்று முடித்தபின் அவை எங்கே போகும் என்று அன்னா கேட்டார். கீழே பள்ளத்துக்குத்தான், அங்கே யூன் மாதத்தில் ஆலாக் குஞ்சுகள் இருக்கும், அவற்றையும் நல்லாய்ச் சாப்பிடும் என்று அம்புறோஸ் உபசரிப்பவரின் திருப்தியோடு சொன்னார்.

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்னா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கோபிக்கவில்லை. நன்றி சொன்னார். ஜெர்மன்காரர் நன்றி சொல்லும்போது பயப்பட வேண்டும் என்பது அம்புறோஸுக்குத் தெரியும்.

பள்ளத்துக்கு இறங்குகிற வேர்கள் எல்லாம் இந்த நான்கு கம்பில் இருந்துதான் வருகின்றன, தாய்ச்செடியைக் கிளப்பாமல் கீழே பிடுங்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதுபோல என்று அஞ்சலா விளக்கினாள். ஆனால் அது ஹோட்டல் நிலம். முதலாளி தெனரீப் தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தொலைபேசியில் சொன்னார்: கோயில் அம்புறோஸுடையது, அவர் சம்மதித்தால் எனக்கும் சம்மதம்.

அம்புறோஸ் சம்மதிக்கவில்லை.

"மாதாவுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை."

துவாய் மடித்துக்கொண்டிருந்த றோசம்மா நிமிரவில்லை. "மாதா கேட்டவவோ? முப்பது வருசத்தில எனக்கு ஒரு பூ வாங்கித் தரேல்ல. கடற்காகத்துக்குப் பந்தி வச்சு ஒரு காடு வளர்த்திருக்கிறார்."

"இது விசுவாசம். உனக்கு விளங்காது."

"பிள்ளையின்ர வேலை எனக்கு விளங்குது."

அஞ்சலா வாதாடவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது. வாதாடினால் வெல்லலாம். அவள், "நான் உங்களைக் கெஞ்சேல்ல அப்பா. இருக்கிறதைச் சொன்னன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி பள்ளத்துக்குப் போய் முழங்காலில் விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் படகில் சபை புறப்பட்டது. பதின்மூன்று பேர் போனார்கள். அன்னா சமையலறைக்கு வந்து மீன் சூப்பைப் புகழ்ந்துவிட்டுப் போனார். மீதியை ஒருத்தி தனியாகப் பார்க்கவேண்டும். பள்ளம் ஏறக்குறைய வெளித்துவிட்டது, ஆனால் மேட்டுப்பக்க விளிம்பில் இருந்து சிவந்த தளிர்கள் மணலைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் ஒரு அடி உள்ளே வந்தன. மீன் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் களைப்புத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆலாக்கள் வந்தன. அம்புறோஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே மூன்று வெள்ளைத் துண்டுகள் பள்ளத்துக்கு மேலே நின்ற இடத்தில் சிறகடித்தன. பறந்த தூரத்தைப் பார்த்தால் யானை அளவுக்காவது இருக்கவேண்டும். இருந்ததோ ஒரு கைப்பிடி. தலையைக் குனிந்து கீழே பார்த்தன, வீடு பார்க்க வந்தவர்கள் சுவரில் ஈரத்தைக் கண்டதுபோல. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு தெற்கே போய்விட்டன.

குடிலின் வாசலில் அஞ்சலா தொலைநோக்கியைக் கண்ணில் இருந்து எடுக்காமல் இருந்தாள். அவை போய் வெகுநேரமான பின்பும் எடுக்கவில்லை. வெறும் வானத்தைத் தொலைநோக்கியால் பார்க்கிறவர் வேறு எதையோ மறைக்கிறார் என்பது தகப்பனுக்குத் தெரிந்திருந்தது.

பத்தரை. அம்புறோஸ் வாளியோடு கதவைத் திறந்தார். வேலிமேல் கடற்காகங்கள் முப்பதும் நேரம் தவறாமல் ஆஜர். அவர் அவற்றைப் பார்த்தார். அவை வாளியைப் பார்த்தன. திரும்பி உள்ளே போய், பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக, வாளியைக் கழிவுக் குழாய்க்குள் கவிழ்த்தார். உருளைக்கிழங்கு சீவியவர்கள் இருவரும் கத்தியை நிறுத்தினார்கள்.

"என்ன பாக்கிறியள்? குளிர்" என்றார் தமிழிலேயே.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஐந்து மணிவரை சமையலறைக்கு ஓய்வு. வழக்கமாக அம்புறோஸ் உறங்குவார். அன்று மண்வெட்டியோடு மேட்டில் ஏறினார். பின்வாசல் படியில் யாரோ ஒரு சோடி முழங்கால் மெத்தையை வைத்திருந்தார்கள். அவர் அதைக் காணாததுபோலத் தாண்டிப் போனார்.

முதலில் நின்றபடி வெட்டினார். அரை மணித்தியாலத்தில் செடியின் மேற்பாகம் மாதாவுக்கு முன்னால் குவிந்தது, பெரிய வெற்றிமாதிரி. வேருக்கு வந்தபோது மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் அதைத் துண்டாக்கியது. ஒரு துண்டை மணலுக்குள் விட்டால் அது நாளைக்கு ஒரு செடி என்று அஞ்சலா நான்கு தடவை சொல்லியிருந்தாள். நான்கு தடவையும் அவர் லீக்ஸ் தண்டோடு நடித்துக் காட்டியிருந்தார். வேரை முறியாமல் எடுக்க ஒரே வழி, விரலால் மணலைக் கிளறி, அது போகிற வழியிலேயே கூடப் போவது. அதற்கு ஒரே உயரம்தான் உண்டு.

அம்புறோஸ் சுற்றிவரப் பார்த்தார். யாருமில்லை. படிக்கு இறங்கிப் போய் மெத்தைகளை எடுத்துவந்து, வாரை இறுக்கி, வலது முழங்காலோடு கொஞ்சம் பேச்சுவார்த்தை நடத்தி, மடங்கினார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. முன்னால் மாதா இருந்தார். எனவே கோட்பாடு இன்னும் முறியவில்லை என்று தனக்குள் பதிவு செய்துகொண்டார்.

அது பயனுள்ள ஏற்பாடாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயதான சுற்றுலாத் தம்பதி ஒன்று பாதையால் வந்தது. சொரூபத்தின் முன்னால் முழங்காலில் ஒரு மனிதரைக் கண்டு குரலைத் தாழ்த்தி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. அம்புறோஸ் வேரை விட்டுவிட்டு, மண் கையால் நெற்றியில் இருந்து நெஞ்சுக்குச் சிலுவை அடையாளம் வரைந்து, அவர்கள் போகும்வரை ஒரு அருள்நிறை மந்திரம் முழுதாகச் சொன்னார். போனதும் மறுபடி இழுத்தார்.

ஆனால் வேர் மாதாவின் காலடியிலேயே நிற்கவில்லை. மூன்றாவது கம்பின் வேர் விரல்தடிப்பில் சரிவில் இறங்கியது. அவரும் இறங்கினார். ஒரு முழம், இன்னொரு முழம். பத்து அடி போனபின் திரும்பிப் பார்த்தார். குளியல் தொட்டியின் முதுகு மட்டும் தெரிந்தது. இப்போது யாராவது வந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முன்னால் இருந்தது சிப்பி ஓடும் மணலும், தொலைவில் குடிலின் வாசலில் ஒரு மழை அங்கியும். அது அவரைப் பார்த்துவிட்டது. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர் எழும்பியிருப்பார் என்பதை அவர் மகள் அறிவாள்.

வேர் கடைசியில் கையோடு வந்தது, முழுதாக, ஒரு கயிறளவு நீளத்தில். அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்புவதற்காக ஒரு கையை ஊன்றியபோது தலைக்கு மேலே ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது.

ஒற்றை ஆலா. அவருக்கு முன்னால், அவர் அப்போதுதான் வெளிக்க வைத்த மணலின் ஓரத்தில் இறங்கியது. மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி. இரண்டு அடி நடந்து, நெஞ்சை மணலில் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, குழி பறித்துப் பார்த்தது.

நிமிர்ந்து நின்றால் பறந்துவிடும், பதிந்திருந்தால் நம்மைக் கல் என்று நினைக்கும். இதையும் அஞ்சலா சொல்லியிருந்தாள், எத்தனை தடவை என்று நினைவில்லை. வலது முழங்காலில் இருந்து தீ மேலேறியது. அம்புறோஸ் ஊன்றிய கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆலா அவரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கியது. அவர் தலையையும் தாழ்த்திக்கொண்டார்.

அன்று ஹோட்டலில் மீன் சூப் முக்கால் மணித்தியாலம் பிந்தியது. சமையற்காரர் எங்கே என்று விருந்தினர் கேட்டபோது, றோசம்மா யன்னலுக்கு வெளியே ஒருதரம் பார்த்துவிட்டு, ஜெபத்தில் இருக்கிறார் என்று சொன்னார்.